கையை விரித்த பிறகு

இந்த வாரம் வந்த கடிதங்கள் எல்லாமே ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கின்றன. வீட்டுக்குள் நடக்கும் விஷயம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். ‘பாலியேட்டிவ் கேர்’ பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கைவிடப்பட்டவர்களை அனுப்புகிற இடம்தானே அது? (கோவில்பட்டி)

கையை விரித்த இடத்தில் வந்து கையைப் பிடிக்கிறவர்கள் அவர்கள். அந்தச் சீட்டு உங்களுக்கு இன்னும் முன்னாலேயே கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஜெனிஃபர் டெமல் என்ற மருத்துவரின் குழு, உங்கள் அப்பாவைப் போலப் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வழக்கமான புற்றுநோய் வைத்தியம். மற்றதற்கு அதே வைத்தியம், கூடவே முதலிலிருந்தே பாலியேட்டிவ் கேர் என்ற ஆதரவு சிகிச்சை. 2010இல் முடிவு வந்தது. ஆதரவு சிகிச்சை பெற்றவர்களில் மனச்சோர்வு கண்டவர்கள் 16 சதவீதம், பெறாதவர்களில் 38. கடைசி நாட்களில் கீமோ, ஐசியு என்று அலைக்கழிந்தவர்களும் ஆதரவு பெற்ற பிரிவில் குறைவு. இதைக் கேட்டால், ‘நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்கள், ஆனால் சீக்கிரம் போயிருப்பார்கள்’ என்று தோன்றும். அதுதான் இல்லை. கடைசி நேரத்தில் குறைவாக வைத்தியம் செய்துகொண்ட அந்தப் பிரிவின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9 மாதம்.

ஆயுள் கூடியது பிறகு வந்த எல்லா ஆய்விலும் தெரியவில்லை. அதனால் அதை நான் உங்களுக்கு வாக்காகத் தர மாட்டேன். இருக்கிற நாட்கள் நல்ல நாட்களாவது மட்டும் திரும்பத் திரும்பத் தெரிகிறது. கோவில்பட்டிக்காரருக்கு இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. அதே டெமல் குழு 22 புற்றுநோய் மையங்களில் 1,250 பேரிடம், நேரில் பார்ப்பதையும் வீடியோவில் பார்ப்பதையும் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்டது. இரண்டுக்கும் பலன் சமம். மூச்சு வாங்குகிற மனிதரை வாரா வாரம் மதுரைக்குப் பேருந்தில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை என்பதற்கு இனி ஆதாரம் இருக்கிறது. அந்தப் பிரிவில் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

‘பாலியேட்டிவ்’ என்ற சொல்லின் பொருள் என்ன? (கும்பகோணம்)

லத்தீனில் ‘பால்லியம்’ என்றால் போர்வை. கனடாவின் மாண்ட்ரியலில் பால்ஃபர் மவுண்ட் என்ற அறுவை மருத்துவர் 1970களில் இந்தச் சிகிச்சைக்கு அந்தப் பெயரை வைத்தார். நமக்குப் போர்வை என்றதும் மயிலுக்குப் போர்த்திய பேகன் நினைவுக்கு வருவான். பேகன் மயிலைக் கேட்கவில்லை. இந்தச் சிகிச்சை தரும் நாங்கள் கேட்டுவிட்டுத்தான் போர்த்துவோம். ‘குளிருதா, எங்கே குளிருது, எப்போ குளிருது’ என்று கேட்பதுதான் இந்த மருத்துவத்தில் பாதி.

அம்மாவுக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போதைக்கு அடிமையாகிவிட மாட்டாரா? அது கடைசி மருந்து, கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று சித்தப்பா சொல்கிறார். நான் ஒளித்து வைத்திருக்கிறேன். (திண்டுக்கல்)

இந்தப் பத்தியை இங்கேயே நிறுத்திவிட்டு, ஒளித்து வைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இனிச் சொல்கிறேன். வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் மார்ஃபின் எடுக்கிற புற்றுநோயாளி போதைக்கு அடிமையாவது மிக அரிது. ஆயுளையும் அது குறைப்பதில்லை. வலியில் தூங்காமல், சாப்பிடாமல், திரும்பிப் படுக்க முடியாமல் கிடப்பதுதான் ஆளை உருக்கும். சித்தப்பா பார்த்ததும் பொய்யாக இருக்காது. நம் ஊரில் பெரும்பாலும் கடைசி இரண்டு நாளில்தான் மார்ஃபின் கொடுக்கிறார்கள். மருந்துக்குப் பின்னாலேயே மரணம் வந்ததால் மருந்தின் மேல் பழி விழுந்துவிட்டது.

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்றொரு பெண்மணி இருந்தார். முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், அதன் பிறகு படித்து மருத்துவரானவர். 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் என்ற ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்கான இல்லத்தை, திறந்தார். வலி வந்து துடித்த பிறகு மருந்து கொடுக்காதே, கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புவதற்கு முன்பே வாய்வழியாகக் கொடு என்பது அங்கே நடைமுறை. கெஞ்சிக் கேட்டால்தான் மருந்து என்கிற நிலைமைதான் ஒருவரை மருந்தையே நினைத்துக்கொண்டு கிடக்க வைக்கும். 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, வாய்வழியாக, நேரந்தவறாமல் என்ற அந்த இரண்டு விதிகளும் அதில் இருந்தன.

மார்ஃபின் நிச்சயமாகச் செய்கிற கெடுதல் ஒன்று உண்டு, மலச்சிக்கல். மாத்திரையோடு மலமிளக்கி எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கலாம், பிறகு குறையும். அளவை நீங்களாகக் கூட்டவோ, சட்டென்று நிறுத்தவோ வேண்டாம்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஆறாத கோபம் ஒன்று வருகிறது. சட்டப்படி அபின் பயிரிடுகிற உலகின் மிகச் சில நாடுகளில் நம்முடையது ஒன்று. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகளே இருக்கின்றன. ஆனால் 2017இல் லான்செட் இதழின் ஆணையம் கணக்குப் பார்த்தபோது, இந்தியாவில் வலியில் கிடப்பவர்களின் தேவையில் 4 சதவீதம் அளவுக்குத்தான் மார்ஃபின் கிடைத்தது. 1985இன் போதைப்பொருள் சட்டம் ஒரு மாத்திரைக்குப் பல துறைகளில் உரிமம் கேட்டது. தவறினால் சிறை. மருந்துக்கடையும் மருத்துவமனையும் ‘வேண்டாம் இந்த வம்பு’ என்று விட்டுவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினைத் தொடாமலேயே படித்து முடித்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, மாநிலத்தில் ஒரே அதிகாரியிடம் அனுமதி வாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். சட்டத்தின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். வீட்டுப் பீரோவின் பூட்டு உங்கள் கையில் இருக்கிறது, தம்பி.

ஐயா, பாட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏற்ற வேண்டாமா? பட்டினி போட்டே அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் பேசாதா? (திருவையாறு)

‘சாப்டீங்களா’ என்று கேட்டுத்தான் நாம் ஒருவரை ஒருவர் விசாரிக்கிறோம். அதனால் ஒரு வாய் இறங்கவில்லை என்றால் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்தத் தவிப்பில் தப்பே இல்லை.

ஆனால் உயிர் அடங்கப் போகிற உடம்பு உணவை மறுப்பது வேறு, பசியோடு கிடப்பது வேறு. சாப்பிடாததால் அவர் போய்க்கொண்டிருக்கவில்லை. போய்க்கொண்டிருப்பதால் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் எட்வர்டோ புருவேரா குழு, முற்றிய புற்றுநோயில் இருந்த 129 பேரில் ஒரு பிரிவுக்குத் தினம் 1 லிட்டர் உப்புநீரும் மற்ற பிரிவுக்குப் பெயருக்கு 100 மில்லியும் ஏற்றியது. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 2013இல் முடிவு வெளியானது. சோர்வு, மயக்கம், குழப்பம், ஆயுள் எதிலும் வித்தியாசம் இல்லை. சிறுநீரகம் ஓய்ந்த உடம்பில் ஏற்றும் நீர் காலிலும் நுரையீரலிலும் போய்த் தேங்கவும் கூடும்.

அப்படியானால் அந்தக் குளுக்கோஸ் பாட்டில் யாருக்காகத் தொங்குகிறது? கட்டிலில் இருப்பவருக்காகவா, சுற்றி நிற்கும் நமக்காகவா? என் அப்பாவின் கடைசி வாரத்தில் நானும் ஊசி குத்த நரம்பு தேடினேன். பத்து வருடம் மருத்துவம் பார்த்தவன், எல்லாம் தெரிந்தவன். அம்மாதான் கையைத் தட்டிவிட்டு, ஈரத்துணியை எடுத்து அவர் உதட்டை ஒற்றினார். அப்பா அந்தத் துணியைச் சப்பினார். அன்று நான் கற்றதைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன். உதட்டையும் நாக்கையும் மணிக்கொரு முறை ஈரப்படுத்துங்கள். உதட்டில் கொஞ்சம் நெய்யோ வாசலினோ தடவுங்கள். கேட்டால் ஒரு ஸ்பூன் கொடுங்கள், கேட்காவிட்டால் திணிக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நேற்றுவரை நடமாடியவர் வாந்திபேதியிலோ காய்ச்சலிலோ சோர்ந்து விழுந்தால் கதை வேறு. அங்கே குளுக்கோஸ் உயிர் காக்கும். எது எந்த நிலைமை என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், ஊர் அல்ல.

கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றலாமா? (அருப்புக்கோட்டை)

ஊற்ற வேண்டாம், தொட்டு வையுங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். விரலில் தொட்டு உதட்டில் வைத்தால் உறவும் நிறைவேறும், மூச்சும் திணறாது. பேரப்பிள்ளைகள் எல்லோரும் வைக்கலாம்.

ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மூச்சு வாங்குவது குறையவில்லையே? (ஓசூர்)

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் சிலிண்டர் உதவும். குறையாமலேயே மூச்சுத் திணறுகிற நிலை ஒன்று உண்டு. அப்படிப்பட்ட 239 பேரில் பாதிப் பேருக்கு மூக்குக் குழாயில் ஆக்சிஜனும் மீதிப் பேருக்குச் சாதாரணக் காற்றும் கொடுத்து ஏமி அபர்நெதி குழு ஒப்பிட்டது. 2010இல் லான்செட்டில் வந்தது. இரண்டு பிரிவும் ஒரே அளவுதான் தேறியது.

ஆகவே விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் கருவியில் அளவு சரியாக இருந்தால், முகத்துக்கு நேராக ஒரு சின்ன கை விசிறியோ பேட்டரி விசிறியோ வைத்துப் பாருங்கள். கன்னத்திலும் மூக்கருகிலும் காற்றுப் பட்டால் மூளைக்கு மூச்சு எளிதாவதாகத் தோன்றும். சன்னலைத் திறங்கள். கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள். மூச்சுத் திணறலுக்கு மாத்திரை தேடும் ஆராய்ச்சி இன்னும் கைகூடவில்லை. மனச்சோர்வுக்குத் தரும் மிர்ட்டாசபின் உதவும் என்று நிறைய பேர் நம்பினார்கள். 2024இல் பல நாடுகளில் நடந்த சோதனை, உதவவில்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று காட்டியது. ஆகாது என்று தெரிந்துகொள்வதும் நோயாளிக்குக் கிடைத்த லாபமே. ஒரு மாத்திரை குறைகிறது.

தாத்தாவுக்குத் தொண்டையில் ‘கர்கர்’ என்று சத்தம். கேட்கவே முடியவில்லை. மூச்சுமுட்டிச் சாகிறாரோ? (நாகர்கோவில்)

விழுங்கும் சக்தி போனதால் எச்சிலும் கோழையும் தேங்கி எழுப்பும் சத்தம் அது. நெற்றி சுருங்காமல், கை இழுக்காமல் கிடக்கிறார் என்றால் அவருக்கு வேதனை இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். குழாய் விட்டு உறிஞ்சுவது பல நேரம் சத்தத்தைவிடக் கொடுமை. நெதர்லாந்தில் 157 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, ஹையோசின் பியூட்டில்புரோமைடு ஊசியை முன்கூட்டியே போட்டால் இந்தச் சத்தம் வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று காட்டியது. வயிற்று இழுப்புக்குப் போடும் அதே மருந்துதான். சத்தம் வந்த பிறகு போடும் ஊசிக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. அதனால்தான் வீட்டுக்கு வரும் நர்ஸிடம் முன்னாலேயே பேசி வைக்கச் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லவில்லை. ‘குடல் புண்’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் நொறுங்கிப்போவார். டாக்டரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். நாங்கள் செய்தது சரிதானே? (ஈரோடு)

அன்பினால் செய்தீர்கள். சரியா என்றால், எனக்குச் சம்மதமில்லை.

ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மகன் வாசலிலேயே மறித்து, ‘அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தயவுசெய்து’ என்பார். உள்ளே போனால் அம்மா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ‘எனக்குத் தெரியும்னு பையன்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டான்’ என்பார். சேலைகளை யார் யாருக்கு என்று மடித்துச் சீட்டு வைத்துவிட்டார். வங்கிப் புத்தகத்தைத் தலையணைக்குள் வைத்திருந்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். ஒருநாள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ‘உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்கம்மா?’ என்று மகனை வைத்துக்கொண்டு கேட்டேன். அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. அடுத்த மூன்று வாரம் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1960களில் சிகாகோ மருத்துவமனையில் செய்த பெரிய காரியம் இதுதான். மரணத்தை நெருங்கியவர்களிடமே போய் உட்கார்ந்து கேட்டார். ‘எங்கள் வார்டில் அப்படி யாரும் இல்லை’ என்று மருத்துவர்கள் முதலில் மறைத்தார்கள். கேட்டபோது நோயாளிகள் பேசினார்கள்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவரும் உண்டு, அதுவும் அவர் உரிமை. ‘எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல எங்ககிட்ட விட்டுடுறீங்களா?’ என்று ஒரு முறை கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதில்தான் வழி. நீங்களாக முடிவெடுத்தால், அவர் பார்க்க நினைத்த தங்கையும் போக நினைத்த பழநியும் உங்கள் கணக்கில் பாக்கியாக நிற்கும்.

எத்தனை நாள் என்று கேட்டால் எந்த டாக்டரும் சொல்வதில்லை. ஏன்? (வேலூர்)

சொன்னால் தப்பாகப் போகும் என்பதால். சிகாகோவில் நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் எலிசபெத் லமாண்டும் 343 மருத்துவர்களிடம் 468 நோயாளிகளைப் பற்றிக் கேட்டார்கள். ஐந்தில் ஒரு கணிப்புதான் ஓரளவு சரி. தவறியவற்றில் பெரும்பாலானவை இருக்கிற நாளைக் கூட்டிச் சொன்னவை. 2000த்தில் வெளியான அந்த ஆய்வில் என்னை உறுத்திய வரி ஒன்று உண்டு. நோயாளியோடு பழக்கம் கூடக் கூட மருத்துவரின் கணிப்பு இன்னும் தவறியது. பாசம் நாளைக் கூட்டிக் காட்டுகிறது. அதனால் ‘எத்தனை நாள்’ என்று கேட்காதீர்கள். ‘நாள் கணக்கா, வார கணக்கா, மாத கணக்கா’ என்று கேளுங்கள். இதற்குப் பதில் வரும். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு டிக்கெட் போட அது போதும்.

நினைவில்லாமல் கிடக்கும் மனைவியிடம் தினமும் பேசுகிறேன். பிள்ளைகள் பாவமாகப் பார்க்கிறார்கள். அவளுக்குக் கேட்குமா? (காரைக்குடி)

பேசுங்கள் ஐயா. கனடாவின் வான்கூவரில், கடைசி மணி நேரங்களில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2020இல் வெளியிட்டார்கள். எந்த அசைவும் இல்லாமல் கிடந்தவர்களில் சிலருடைய மூளை, ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு நலமாக இருக்கும் இளைஞர்களின் மூளையைப் போலவே பதில் கொடுத்தது. கேட்டது புரிந்ததா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, பதிவானவர்களும் சிலர்தான். ஆனால் உங்கள் குரல் சுவரில் பட்டுத் திரும்பவில்லை என்று நம்ப இடமிருக்கிறது. பிள்ளைகளையும் அருகில் உட்காரச் சொல்லுங்கள். சொத்துப் பேச்சை மட்டும் அடுத்த அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

‘உங்க தாத்தா வாசல்ல நிக்கிறாரு, உள்ள கூப்பிடு’ என்கிறார் அப்பத்தா. தாத்தா போய் இருபது வருடமாகிறது. மனநல டாக்டரைப் பார்க்கவா? (மானாமதுரை)

அப்பத்தாவின் முகத்தைப் பாருங்கள். பயமா, நிம்மதியா?

நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்து ஹாஸ்பிஸில் கிறிஸ்டஃபர் கெர் என்ற மருத்துவரின் குழு, கடைசிக் காலத்தில் இருந்த 59 பேரிடம் தினம் போய்க் கேட்டு எழுதியது. 2014இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இப்படிப்பட்ட கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். முன்பே இறந்துபோனவர்களைக் கண்டபோதுதான் ஆறுதல் மிக அதிகம். நாள் நெருங்க நெருங்க அவர்கள் வருவதும் கூடியது. நம் கிழவிகள் ‘கூப்பிட வந்திருக்காங்க’ என்று சொல்வதைப் பஃபலோவில் எழுதி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தாத்தாவை உள்ளே கூப்பிடுங்கள், தப்பில்லை.

பயந்து அலறினால், ஆள் தெரியாமல் ஊசியைப் பிடுங்கினால், இரவு பகல் மாறிப்போனால் அது வேறு. சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், காய்ச்சல், ஏதாவது மாத்திரை என்று காரணம் தேட வேண்டும். உடனே மனநோய் மாத்திரை கொடுத்து அடக்குவது நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் 247 பேரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், ரிஸ்பெரிடோனும் ஹாலோபெரிடாலும் பெற்றவர்கள் போலி மருந்து பெற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். தெரிந்த முகம், வெளிச்சம், மூக்குக்கண்ணாடி, காது மெஷின் என்று முதலில் ஆரம்பியுங்கள்.

காளானில் இருந்து மரண பயத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே? எங்கள் மலையிலேயே கிடைக்கிறது! (கொடைக்கானல்)

மலைக்குப் போக வேண்டாம். 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 51 பேரிடமும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 பேரிடமும் சைலோசைபினைச் சோதித்தார்கள். புற்றுநோயால் வந்த கலக்கமும் சோர்வும் பலருக்கு மாதக்கணக்கில் குறைந்தன. அளந்த மருந்து, முன்னும் பின்னும் பல மணி நேர உளவியல் ஆலோசனை, கூடவே இருக்கும் பயிற்சி பெற்ற இருவர், எல்லாம் சேர்ந்த பலன் அது. காட்டுக் காளானில் அளவும் தெரியாது, விஷமும் தெரியாது. இந்தியாவில் சட்டமும் அனுமதிக்காது.

கடைசியில் என்னை வென்டிலேட்டரில் போட வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்க முடியுமா? வயது 71, நலமாக இருக்கிறேன். (சென்னை, மயிலாப்பூர்)

நலமாக இருக்கும்போதுதான் எழுத வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் தேதி இதற்கு வழி திறந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் அந்த வழியில் யாராலும் நடக்க முடியவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஸட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேசப் போகிறவர்கள் யார் என்று பெயர் எழுத வேண்டும். நேரம் வரும்போது மருத்துவமனையின் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்துப் பார்க்கும். ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதை மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்த ஆணையே போட்டது.

கருணைக்கொலையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம்தான். இங்கே கேட்பது, நோய் தன் வழியில் போகும்போது பலனில்லாத இயந்திரத்தை நடுவில் நிறுத்தாதே என்பது மட்டுமே. சிகிச்சையை நிறுத்தலாம், கவனிப்பை நிறுத்தக் கூடாது. எப்படிக் கவனிப்பது என்று நாட்டுக்குக் காட்டியவர்கள் மும்பை கெம் மருத்துவமனைச் செவிலியர்கள். 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த தங்கள் சக செவிலியர் அருணா ஷான்பாகை, 2015இல் அவர் இறக்கும்வரை கிட்டத்தட்ட 42 வருடம் தலைமுறை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் அருணா வழக்கின் தீர்ப்பிலேயே அவர்களைப் பாராட்டியது.

எழுதி முடித்து லாக்கரில் பூட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எல்லோரும் வரும்போது வாசித்துக் காட்டுங்கள். தாளைவிட அந்தப் பேச்சுதான் ஆஸ்பத்திரி வராண்டாவில் உதவும்.

எங்கள் பக்கத்தில் படுத்த கிழங்களுக்குத் ‘தலைக்கூத்தல்’ என்று எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி அனுப்பிவிடுவார்கள். இழுத்துக்கொண்டு கிடப்பதற்கு அதுவும் ஒரு கருணைதானே? (விருதுநகர் மாவட்டம்)

இல்லை. அது கொலை. மெதுவாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

சங்ககாலக் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டான் என்று சிலர் இதற்குப் பழமை தேடுகிறார்கள். அவன் தானே முடிவெடுத்து, தானே போய் உட்கார்ந்தான். எண்ணெய்க் கிண்ணத்தோடு வரும் மருமகளையோ மகனையோ பார்க்கும் கிழவியை யார் கேட்டார்கள்? அந்த வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் அரக்கர்கள் அல்லர். விடிந்தால் கூலிக்குப் போக வேண்டும். படுக்கைப்புண் நாறுகிறது. கிழவி ராத்திரி முழுக்க வலியில் கத்துகிறாள். பார்க்க ஆளில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்து புண்ணைக் கழுவிக் கட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுப் போக ஒரு நர்ஸ் இருந்தால் அந்த எண்ணெய்ச் செம்பைப் பலரும் எடுக்க மாட்டார்கள். உங்கள் தெருவில் அப்படி யாராவது கிடந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்றே சொல்லுங்கள்.

கேரளத்தால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை? (பொள்ளாச்சி)

முடிய ஆரம்பித்திருக்கிறது. கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலானோர் 1993இல் ஒரு சிறு சங்கம் தொடங்கினார்கள். பிறகு ஆஸ்பத்திரியை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர், கடைக்காரர், இல்லத்தரசி என்று வாரத்தில் சில மணி நேரம் தரக்கூடியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் யார் படுத்திருக்கிறார், அடுப்பு எரிகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. 2008இல் மாநில அரசு இதைக் கொள்கையாக்கியது, உள்ளாட்சிகள் பணம் ஒதுக்கின. மரணத்தைப் பற்றி லான்செட் ஆணையம் 2022இல் எழுதிய அறிக்கை, உலகம் கற்க வேண்டிய முன்மாதிரியாகக் கேரளத்தைக் காட்டியது.

நம்மிடம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரையோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. வண்டி வந்துவிட்டது. அதில் ஏறிப் பக்கத்துத் தெருவுக்குப் போகிற பொள்ளாச்சிக்காரர்கள்தான் இனி வேண்டும். நீங்கள் வருகிறீர்களா?

மாமியாருக்குப் பக்கவாதம், நான்கு வருடமாகப் படுக்கை. மலம் அள்ளுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். போன வாரம் ‘இவங்க போயிட்டா நல்லாருக்குமே’ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து சாமி விளக்கு ஏற்றக் கை வரவில்லை. (திருப்பூர்)

விளக்கை ஏற்றுங்கள் அம்மா. அந்த நினைப்பு வராத ஒருவரைக்கூட என் தொழிலில் நான் பார்த்ததில்லை. சொல்ல முடிந்தது உங்கள் ஒருவரால்தான்.

நீங்கள் களைத்திருக்கிறீர்கள். களைப்பும் ஒரு நோயே. 1999இல் அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் என்ற இருவர், நோயுற்ற துணையைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். பாரம் தாங்காமல் தவித்தவர்கள் இறப்பது, அப்படிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வரும்போது கட்டிலுக்கு முன்னால் உங்களைத்தான் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

கணவரிடமும் நாத்தனாரிடமும் ‘உதவி பண்ணுங்க’ என்று கேட்காதீர்கள், அது காற்றோடு போய்விடும். ‘செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி உங்க முறை’ என்று கிழமையைச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், அவர்களிடமும் நானே சொல்கிறேன். ஐயா, அது உங்கள் அம்மா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், முதுகில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும். நர்ஸ் வந்து ஒரே நாளில் கற்றுக் கொடுத்துவிடுவார். இந்தச் செவ்வாய்க்கிழமையே ஆரம்பியுங்கள். உங்கள் மனைவி அன்றைக்கு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்கட்டும்.